நாற்பத்து நான்காவது அட்டை

பேரன்பு மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே நீங்களும் என் மகள் பாப்பாவும் பேத்தி குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்து 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் உங்கள் அத்தை வாங்கிக்கொள்கிறாள். திரும்ப என் கைக்கு வரும்போது போன் சூடாக இருக்கிறது, பேச்சு முடிந்திருக்கிறது. தவிர, நீங்களே மரியாதையாகக் காகிதத்தில் எழுதியிருக்கும்போது நானும் காகிதத்தில் பதில் போடுவதுதான் முறை.

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. "மாமா, இரண்டு பேரும் அங்கே தனியாக எதற்கு, இங்கேயே வந்துவிடுங்கள், மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறோம்" என்ற இடம் வரைக்கும் படித்தேன். மனது நிறைந்தது. கூடவே கொஞ்சம் கனத்தது. அதற்கு மேல் கண் ஓடவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் வேலை பார்த்த பம்பு கம்பெனி மூடி நாலு மாதம் ஆகிறது, அடுத்த மாதத்துக்கு மேல் இந்தக் குடித்தனத்தை ஓட்ட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் இருபத்தாறு வருஷம் ஸ்டோர்ஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன், மருமகன் வீட்டு மாடியில் கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டு, டீ வருகிறதா என்று படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று ஒரு வீம்பு. அந்த வீம்புக்கு இனி அவசியமில்லை, எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அது கிடைத்த விதத்தைச் சொல்லாமல் விட்டால், நடந்ததில் பாதிப் பழி உங்கள் மேல் இருப்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

கம்பெனி மூடிய வாரம் போனில் நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "வேலை இப்பல்லாம் பேப்பர்ல இல்ல மாமா, ஆளுங்ககிட்ட இருக்கு. தினம் ஒரு புது ஆளப் பாருங்க, பழகுங்க. முதல்ல எதுவும் கேக்காதீங்க. அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க." நல்ல யோசனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்த 'முதல்ல' என்பது எத்தனை நாள் என்று நீங்கள் சொல்லவில்லை மாப்பிள்ளை. நானும் கேட்கவில்லை. பின்னால் வந்த அத்தனைக்கும் காரணம் இதுதான்.

யோசித்துப் பாருங்கள், ஸ்டோர்ஸ்காரனிடம் போய் 'என்ன வேணும்னு கேளுங்க' என்று சொல்லலாமா? இருபத்தாறு வருஷமாக நான் வேறென்ன கேட்டேன்? கம்பி வலை போட்ட ஜன்னல், அதில் ஒரு கை நுழைகிற சந்து, இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் யார் வந்து நின்றாலும் 'என்ன வேணும்?' என்பேன். சீட்டை வாங்குவேன், வாஷரோ பேரிங்கோ எடுத்துக் கொடுப்பேன், அட்டையில் எழுதுவேன், 'அடுத்தது யாரு?' என்பேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை உண்டு. எது வந்தது, எது போனது, யார் கைக்குப் போனது என்று எல்லாம் அதில் இருக்கும். மனிதர்களைச் சேர்ப்பதற்கும் அதே முறையை வைத்துக்கொண்டேன், எனக்குத் தெரிந்த முறை அதுதானே. ஆளுக்கு ஒரு அட்டை, மேலே 'இருப்பு', கீழே 'தேவை'. வைப்பதற்கு உங்கள் அத்தையின் பழைய செருப்புப் பெட்டி. முதல் அட்டை உங்களுடையதுதான். 'இருப்பு' என்ற இடத்தில் 'அறிவுரை' என்று எழுதினேன். 'தேவை' என்ற இடத்தைக் காலியாக விட்டேன். நீங்கள் யாரிடமும் எதையும் கேட்கிற ரகம் இல்லையே.

முதல் வாரம் சரியாகப் போகவில்லை. புது ஆள் என்றால் எங்கே போய்ப் பிடிப்பது? பஸ் ஸ்டாப்பில் ஒருவர் தனியாக நின்றார். பக்கத்தில் போய் முக்கால் மணி நேரம் பழகினேன். நான் மட்டும்தான் பழகினேன் என்பது கடைசியில்தான் தெரிந்தது. "உங்களுக்கு ஏதாவது வேணுமா சார்?" என்று கேட்டேன். "நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா போதும்" என்றார். அது ஆறாவது அட்டை. 'தேவை: நான் தள்ளி நிற்பது. உடனே வழங்கப்பட்டது' என்று எழுதி வைத்திருக்கிறேன். பிறகு விசிட்டிங் கார்டு இல்லாமல் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று அச்சுக்கடைக்காரர் சொன்னார். அவர் ஒன்பதாவது அட்டை. பேரும் போன் நம்பரும் வாங்கிக்கொண்டு, "தொழில் என்னன்னு போட?" என்று கேட்டார். வேலை இல்லாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, "சும்மா விடுங்க" என்றேன். அவரும் சும்மா விட்டுவிட்டார். பேரும் நம்பரும் மட்டும், சுற்றிலும் வெள்ளையாக, நல்ல தடிமனான அட்டை. அதன் விளைவைக் கேளுங்கள். வாங்கிப் பார்க்கிற ஒவ்வொருவரும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, தொழிலே போட வேண்டாத அளவுக்குப் பெரிய ஆள் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அச்சுக்கடைக்காரர்தான் புதன்கிழமைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். டயர் கடைக்கு மேலே ஒரு ஹால். ஊரில் சின்னச் சின்னத் தொழில் செய்கிறவர்கள் காலை எட்டு மணிக்கு அங்கே வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றி ஒரு நிமிஷம் பேச வேண்டும். தலைவர் ஒரு பல் டாக்டர். நிமிஷம் முடிந்ததும் மேசை மேல் இருக்கிற பித்தளை மணியைத் தட்டுவார். என் முறை வந்தது. எழுந்தேன். முப்பது முகம் என்னையே பார்க்கிறது. சொல்ல வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், வாயில் பழகின வார்த்தை தானாக வந்துவிட்டது. "என்ன வேணும்?" என்றேன். ஹாலே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் டைல்ஸ் ஒட்டுகிறவர் ஒருவர் மட்டும் சிரிக்காமல், "எனக்கு வாரத்துல ரெண்டு நாள் ஒரு வேன் வேணும்ண்ணே" என்றார். நான் அட்டையை எடுத்து எழுதினேன். எழுதி முடித்ததும், பழக்க தோஷம், "அடுத்தது யாரு?" என்றேன். மாப்பிள்ளை, நிஜமாகவே அடுத்தவர் கை தூக்கினார்.

அன்றைக்குத்தான் சூடு பிடித்தது. பேக்கரிக்காரரின் வேன் காலையில் ரொட்டி போட்டுவிட்டு மத்தியானம் முழுக்கச் சும்மா நிற்கிறது என்று அவர் அட்டையில் இருந்தது. டைல்ஸ்காரருக்கு அதைச் சேர்த்துவிட்டேன். இரண்டு பேருக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் வியாழக்கிழமை பேக்கரிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார், ரொட்டியில் மணலும் சிமெண்டுத் தூளும் இருக்கிறதாம், கடித்தவர்கள் பல்லைப் பிடித்துக்கொண்டு கடையில் வந்து சண்டை போடுகிறார்களாம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போதே பல் டாக்டரிடமிருந்து போன். "சார், எந்தப் புண்ணியவான் செஞ்சதோ தெரியல, வியாழக்கிழமை எப்பவும் ஆளே வராது, இன்னைக்கு உக்கார இடமில்ல" என்கிறார். அவர் அட்டையை எடுத்துப் பார்த்தேன். 'தேவை: வியாழக்கிழமை நோயாளிகள்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ஒரே ஒரு வேனைக் கொடுத்து மூன்று பேர் சீட்டைத் தீர்த்தது என் சர்வீஸிலேயே அதுதான் முதல் தடவை. வேனுக்குள் தார்ப்பாய் விரித்து ரொட்டியைக் காப்பாற்றிவிட்டோம். பல் டாக்டருக்கு இன்றைக்கு வரைக்கும் மணல் விஷயம் தெரியாது. நீங்களும் சொல்ல வேண்டாம்.

இப்படியே மூன்று மாதம். அட்டை நாற்பத்து மூன்று ஆனது. காலையில் போன் அடித்தால் யாருக்கோ ஏதோ வேண்டும். உங்கள் அத்தை தட்டில் சோறு போட்டுவிட்டுக் காத்திருப்பாள், நான் செருப்புப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருப்பேன். அந்த மூன்று மாதமும் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைப்பதற்கில்லை. கம்பெனி மூடின அன்றைக்கு என் ஜன்னலைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தபோது, இனி என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் அழுகை வந்தது. சம்பளத்தை நினைத்துக்கூட அப்படி வரவில்லை. உங்கள் அத்தை தினம் சாயங்காலம் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "உங்களுக்கு வேலை வேணும்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?" நான் சொல்வேன், "முதல்ல எதுவும் கேக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளை சொல்லியிருக்காரு." அவள் உங்கள் பேரைக் கேட்டால் மறுபேச்சுப் பேச மாட்டாள். அந்த ஒரு விஷயத்தில் நான் உங்களைக் கொஞ்சம் அதிகமாகவே பயன்படுத்திக்கொண்டேன், மன்னிக்கவும்.

இந்த மாதம் இரண்டாவது புதன்கிழமை. மருந்துக் கிடங்கு வைத்திருக்கிற முதலாளியம்மா புதிதாக வந்திருந்தார்கள். எழுந்து நின்று, "எனக்குக் கிடங்குக்கு ஒரு பொறுப்பான ஆள் வேணும். ஸ்டோர்ஸ் வேலையில நல்லாப் பழகினவங்களா இருக்கணும், கை சுத்தமா இருக்கணும், திங்கட்கிழமையே சேரணும்" என்றார்கள். ஹாலில் இருந்த முப்பது பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பல் டாக்டர் மணியைத் தட்டக்கூட மறந்துவிட்டு, "கவலைப்படாதீங்கம்மா, சார் பாத்துக் குடுத்துடுவாரு" என்றார். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. "சாயங்காலத்துக்குள்ள ஆள் வந்துரும்" என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்தேன். பத்தொன்பதாவது அட்டை, ரசீதம்மா. எங்கள் ஸ்டோர்ஸிலேயே எனக்கு அடுத்த நாற்காலியில் பதினைந்து வருஷம் இருந்தவள். பெற்ற தாய் வந்து ஒரு நட்டு கேட்டாலும் ரசீதில் கையெழுத்து வாங்காமல் கொடுக்க மாட்டாள், அதனால் அந்தப் பேர். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னைப் போலவே சும்மா இருந்தாள். போன் போட்டேன், போனாள், பார்த்தாள், அன்றைக்கே வேலை முடிவாகிவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்து இதை நான் உங்கள் அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன வேலைன்னு சொன்னீங்க?"

"ஸ்டோர்ஸ் வேலை."

"அதுக்கு எப்படிப்பட்ட ஆள் வேணும்னாங்க?"

"ஸ்டோர்ஸ்ல நல்லாப் பழகின ஆள். கை சுத்தமான ஆள்."

"நீங்க பம்பு கம்பெனியில இருபத்தாறு வருஷம் என்ன, ஆடு மேய்ச்சீங்களா?"

பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தேன் மாப்பிள்ளை. அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் சீட்டு நீட்டுகிற வழக்கம் எங்கேயாவது உண்டா? உங்கள் அத்தை எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு. அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

அடுத்த புதன்கிழமை நான் கிளம்பும்போது அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "எங்க?" என்றேன். "உங்க கூட்டத்துக்கு" என்றாள். ஹாலில் என் முறை வந்தபோது நான் எழுவதற்கு முன்னால் அவள் எழுந்துவிட்டாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் இவரு வீட்டுக்காரி. இவரு உங்க எல்லாருக்கும் எல்லாம் தேடிக் குடுக்குறாரு. இவருக்கு வேலை இல்ல. நாலு மாசமா இல்ல. அடுத்த மாசத்துக்கு மேல எங்களால தாக்குப்பிடிக்க முடியாது. இதச் சொல்ல இவருக்கு வாய் வராது, அதான் நான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு நிமிஷத்தில் பாதிகூட ஆகவில்லை. பல் டாக்டரின் கை மணிக்குப் பக்கத்திலேயே நின்றது. எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. அதே சமயம், ஏனென்று தெரியவில்லை, முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலவும் இருந்தது.

"சார், நாங்க உங்கள ஏதோ ரிடையரான பெரிய ஆபீசர்னுல்ல நெனச்சோம்" என்றார் டைல்ஸ்காரர். அச்சுக்கடைக்காரர் குனிந்துகொண்டார். ரசீதம்மா முதலாளியம்மாவோடு வந்திருந்தாள், அழுதுகொண்டே எழுந்து, "நான் விட்டுர்றேன் சார், நீங்க சேந்துக்குங்க" என்றாள். கொடுத்த சரக்கைத் திரும்ப எடுப்பதற்குத் தனிப் படிவம் உண்டு, அந்தப் படிவத்தை நான் கையால் தொட்டதே இல்லை, உட்கார் என்றேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் அன்றைக்கு எனக்குத் திக்காமல் வந்தது. பல் டாக்டர் என் செருப்புப் பெட்டியை வாங்கி நாற்பத்து மூன்று அட்டையையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். தன்னுடையது வந்தபோது கொஞ்சம் நிறுத்திப் படித்தார், நல்லவேளை மணலைப் பற்றி நான் எழுதி வைக்கவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "உங்க அட்டை எங்க சார்?" என்றார். "எனக்கு எதுக்கு?" என்றேன். அவரே ஒரு வெற்று அட்டையை எடுத்து, நாற்பத்து நான்கு என்று இலக்கம் போட்டு எழுதினார். டாக்டர் கையெழுத்து, எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. 'தேவை: வேலை' என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த ஹாலில் யாரும் ஒரு நிமிஷக் கணக்கில் பேசவில்லை. பேக்கரிக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன அறை, தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்தது, சும்மா கிடக்கிறது. அதில் நான் காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் வரைக்கும் உட்கார வேண்டும். யாருக்கு என்ன ஆள் வேண்டும், எந்தத் தொழிலுக்கு எது வேண்டும் என்று ஜன்னலுக்கு வந்து கேட்பார்கள். கூட்டத்தில் எல்லோருமாகச் சேர்ந்து மாதச் சம்பளம் கொடுப்பார்கள். தர்மமாகச் செய்கிறார்களோ என்று தயங்கினேன். "சார், நீங்க இல்லாட்டி எனக்கு வேன் ஏது? ஒழுங்கா வந்து உக்காருங்க" என்று டைல்ஸ்காரர் ஒரு அதட்டுப் போட்டார். பல் டாக்டர் தன் பித்தளை மணியையே தூக்கிக் கொடுத்துவிட்டார், ஜன்னலில் வைத்துக்கொள்ள. வருகிற ஒன்றாம் தேதி திறப்பு. ஜன்னலுக்கு நானே பச்சைப் பெயிண்ட் அடித்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் அன்போடு ஒழித்து வைத்த மாடி அறையில் பழையபடி உங்கள் சாமான்களையே போட்டுக்கொள்ளலாம். உங்கள் அறிவுரையில் 'எத்தனை நாள்' என்பது மட்டும் விட்டுப்போய்விட்டதே தவிர, மற்றபடி அது பொன்னான அறிவுரைதான். நீங்களும் பாப்பாவும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும். குட்டிக்கு என் முத்தங்கள். உங்கள் அத்தை எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், போனிலும் தனியாகச் சொல்வாள்.

இப்படிக்கு,
வேலையில் இருக்கும் உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையில் உங்கள் கதவு எண்ணைச் சரியாக எழுத வேண்டும் என்று சட்டைப் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துப் புரட்டினேன். பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறீர்கள். "மாமா, இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. குட்டிக்கு அடுத்த மாதம் பள்ளிக்கூடம். பன்னிரண்டரைக்கு விட்டுவிடுவார்கள். நானும் பாப்பாவும் வீடு வர ஆறு மணி ஆகும். மூன்று பேரை வைத்துப் பார்த்துவிட்டோம், யாரோடும் வெளியே வரமாட்டேன் என்கிறாள். உங்களிடம் போகலாம் என்றால் மட்டும் செருப்பைப் போட்டுக்கொள்கிறாள். உங்களுக்கு அங்கே வேலை அமைந்துவிட்டால் இந்தப் பக்கத்தைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள்."

படித்துவிட்டேன். மூன்று மாதமாக ஊரெல்லாம் 'என்ன வேணும்' என்று கேட்டவன் நான். என் முதல் அட்டைக்காரர் ஒரு வாரமாக என் சட்டைப் பைக்குள் இருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆகவே மேலே எழுதியதில், நலம் விசாரித்த பகுதி தவிர மற்றது எல்லாம் ரத்து.

ஜன்னலுக்கு ஆள் பார்த்தாகிவிட்டது, உங்கள் அத்தைதான். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "யாருக்கு என்ன வேணும்னு கேக்கணும், அவ்வளவுதான? அத இத்தன வருஷமா சம்பளம் இல்லாமதான செஞ்சிட்டிருக்கேன்" என்றாள். பல் டாக்டரிடம் போனில் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம் சார்" என்றார். அவள் அங்கேயே இருப்பாள், அடுத்த மாதத்திலிருந்து நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் பஸ்ஸைப் பிடித்தால் பன்னிரண்டு மணிக்கெல்லாம் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே திரும்புவேன். கிடைத்த இரண்டாவது வேலையையும் இப்படிக் கொடுத்துவிட்டேன், ஆனால் இந்தத் தடவை தெரிந்தே கொடுத்தேன்.

உங்கள் அத்தை செருப்புப் பெட்டியும் வேண்டாம், மணியும் வேண்டாம், தன் குரல் போதும் என்கிறாள். மணியை நான் எடுத்து வருகிறேன். மாடி அறையில் படிக்கட்டைப் பார்த்தாற்போல ஜன்னல் உண்டா என்று மட்டும் பதில் எழுதவும். மணியை வைக்க, குட்டியின் கை எட்டுகிற உயரம் இருந்தால் போதும்.